அப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் போயிருச்சு – ஊசியா ஆபரேஷனா? அவர்கிட்ட சொல்லலாமா வேண்டாமா?

மோல்மீன் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. அப்பாவுக்கு 71 வயசு, பர்மாவுல மோல்மீன்லதான் இருக்கோம், இன்னமும் கடையில உக்காந்து கணக்கு எழுதுறவரு. போன மழைக்காலத்துல இருந்தே இடுப்பு வலி இடுப்பு வலின்னு சொல்லிட்டே இருந்தாரு, ஒரு கிளினிக்ல வாய்வுன்னு மாத்திரை கொடுத்தாங்க, அத முழுங்கிட்டே நாள் ஓடிருச்சு. அப்புறம் ராத்திரியில ஆறேழு தடவ ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறாரு, வந்தும் சொட்டு சொட்டாத்தான் போகுதுன்னு அம்மா சொன்ன பிறகுதான் வேற சயாகிட்ட (இங்க டாக்டர அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிட்டுப் போனோம். புராஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட், பிஎஸ்ஏ, 480. பயாப்ஸில நோயோட வீரியத்தக் காட்டுற கிளீசன் நம்பர் 9. ரங்கூன் போய் எலும்பு பாக்குற போன் ஸ்கேன் எடுத்தா முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலான்னு கறுப்பு கறுப்பா புள்ளி.

சயா ரெண்டு வழி சொல்றாரு. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, ஆயுசுக்கும். இல்லன்னா ரெண்டு விரையையும் எடுத்துடுற சின்ன ஆபரேஷன். அண்ணன் ஊசிதான்னு நிக்கிறான், ஊசி விலை கேட்டா மயக்கமே வருது, ஆபரேஷன்னு அம்மா காதுல எப்படி போடுறதுன்னும் தெரியல. இதுல அப்பாவுக்கு கேன்சர்னே சொல்லல. எலும்புல நீர் கோத்திருக்கு, சரியாயிரும்னு சொல்லி வெச்சிருக்கோம். இதெல்லாம் பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ப்ளீஸ்.

பார்மசி அக்கா:
தங்கச்சி, 480-ன்ற நம்பர மட்டும் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க. ஆயிரத்துக்கு மேல இருந்தவங்களுக்கே மருந்து ஆரம்பிச்சதும் மளமளன்னு இறங்குறதுண்டு. இந்த நோய்க்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. ஊசியும் சரி ஆபரேஷனும் சரி அந்தத் தீனிய நிறுத்துற வேலைதான், அதுல ரெண்டும் சமம்.

ஆனா ஒண்ணு கவனிங்க. லியூப்ரோலைடு, கோசரெலின் மாதிரி ஊசி போட்ட முதல் ஒண்ணு ரெண்டு வாரம் ஹார்மோன் குறையாது, ஏறும், அப்புறம்தான் விழும். முதுகெலும்புல நோய் இருக்குற ஆளுக்கு அந்த ஏத்தம் நல்லதில்ல. அதனால பைகலூட்டமைடுன்னு ஒரு மாத்திரைய முன்னாடியே ஆரம்பிச்சு சில வாரம் சேத்துக் கொடுப்பாங்க. சீட்டுல அது எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா சயாகிட்ட வாயத் தொறந்து கேளுங்க.

அப்புறம் கவுண்டர்ல நிக்கிறவளா சொல்றேன், இந்த ஊசி ஒரு மாசம் இருக்கும் மறு மாசம் இருக்காது. தவணை தள்ளிப்போனா ஹார்மோன் திரும்ப தலை தூக்கும். 25 டிகிரிக்கு மேல வெக்காதேன்னு அட்டையிலேயே போட்டிருப்பான், நம்ம ஊர் சூட்டுல, கரண்ட் இல்லாத கடையில அது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க. பெரிய ஆஸ்பத்திரி பார்மசி தவிர வேற எங்கயும் வாங்காதீங்க.

வாத்தியார் (ஓய்வு):
இந்த ஆபரேஷன் இப்ப வந்ததில்லம்மா. 1941-லயே சிகாகோவுல சார்லஸ் ஹக்கின்ஸ்ங்கிற டாக்டர், புராஸ்டேட் கேன்சர் முத்திப் படுத்தவங்களுக்கு விரைய எடுத்தா நோய் சுருங்குது, எலும்பு வலி கொறையுதுன்னு காட்டுனாரு. 1966-ல அவருக்கு நோபல் பரிசு. இன்னிக்கு இருக்குற அத்தனை விலை ஒசந்த ஊசியும் அந்த ஒரு கண்டுபிடிப்போட வாரிசுதான். ஆபரேஷன் பண்ணா ஹார்மோன் ஒரே நாளுக்குள்ள விழுந்துரும், பார்மசி அம்மா சொன்ன அந்த ஏத்தம் கிடையாது. ஒரு தடவ செலவோட முடிஞ்சுது.

பெகு பெரியவர்:
வாத்தியாரே நோபல் பரிசு அவருக்கு, தையல் எனக்கு.

மோல்மீன் பொண்ணு, நானும் அதே நோய்க்காரன்தான். 2019-ல கண்டுபிடிச்சாங்க, அப்பவே எலும்புல இருந்துச்சு. ஆபரேஷன்தான் பண்ணிக்கிட்டேன். இடுப்புக்குக் கீழ மரத்துப்போக ஊசி போட்டாங்க, பேசிக்கிட்டே இருக்கும்போதே முடிஞ்சுருச்சு, மறுநாள் வீட்டுல கஞ்சி குடிச்சேன். விரைப்பை அப்படியேதான் இருக்கு, கைலி கட்டுனா யாருக்குத் தெரியப் போவுது.

ஆம்பளத்தனம் போயிரும்னுதான் உங்க அண்ணன் யோசிக்கிறாரு, அத நேரா சொல்ல மாட்டாரு. அவர்கிட்ட சொல்லுங்க, ஊசி போட்டாலும் அதேதான் போகும். கத்தி வெச்சா ஒரேயடியா, ஊசின்னா கொஞ்சம் மெதுவா, அவ்வளவுதான் வித்தியாசம். ஆசை இருக்காது. மார்பு லேசா வீங்கும், தொட்டா வலிக்கும். வயிறு போடும், கை கால் சதை கரையும். திடீர்னு ஒடம்பெல்லாம் தீ பிடிச்ச மாதிரி சூடு ஏறி வேர்த்துக் கொட்டும், அதுவும் சரியா கரண்ட் போன ராத்திரியில. நான் ஈரத் துண்ட கழுத்துல போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருப்பேன், எம் பொண்டாட்டி பனையோலை விசிறியோட வந்து நின்னுக்கிட்டு இந்த மனுசனுக்கு அறுவது தாண்டித்தான் மாதவிடாய் நிக்குதுன்னு சிரிப்பா. அவளுக்கு வந்தப்ப நான் ஒரு நாளும் விசிறல. அது வேற கதை.

அழுகை வேற வரும். டிவியில கல்யாணம் காட்டுனாக் கூட வரும். அது பயம் இல்ல, ஹார்மோன் இல்லாததால வர்றதுதான்னு டாக்டரம்மா சொன்னாங்க, அதுக்கப்புறம் கூச்சப்படாம அழுதுக்கிட்டிருக்கேன்.

செலவு முட்டுதுன்னா ஆபரேஷன் பண்ணிக்கிட்டு மிச்சப் பணத்த அடுத்த மருந்துக்கு வெச்சுக்குங்க. ஏன்னா இது மட்டும் போதாது.

தட்டோன் தம்பி:
அக்கா ஆபரேஷன் எல்லாம் அவசரப்படாதீங்க, எங்க மாமா ஒருத்தருக்கு இதே வியாதி, ஒரு வைத்தியர் பொடி கொடுத்தாரு, வெறும் வயித்துல சாப்பிட்டு ஆறே மாசத்துல எந்திரிச்சு நடந்தாரு. வேணும்னா நம்பர் தர்றேன். முதுகுல ஒரு தைலமும் தேய்ச்சு அமுக்கி விடுவாரு.

வீட்டு நர்ஸ்:
தம்பி கோவிச்சுக்காதீங்க. நோய் ஊடுருவுன முதுகெலும்ப அமுக்கி விடுறது, நெட்டி முறிக்கிறது எல்லாம் வேண்டவே வேண்டாம், எலும்பு நொறுங்கிப் போனவங்கள நானே பாத்திருக்கேன். எண்ணெய் தடவுறதுன்னா மேலாப்புல தடவுங்க போதும். பொடி விஷயம், என்ன கலந்திருக்குன்னு தெரியாம எதையும் கொடுக்காதீங்க, சில பொடியில ஸ்டீராய்டு கலக்குறாங்க, ரெண்டு வாரம் வலியெல்லாம் பறந்துரும், எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவாங்க, அப்புறம் சுகர் ஏறி கிட்னி பழுதாகி வருவாங்க. உங்க மாமா ஊசியும் சேத்துப் போட்டாரான்னு கேட்டுப் பாருங்க.

தட்டோன் தம்பி:
ஊசியும் போட்டாருதான்

பெகு பெரியவர்:
🙂

வியாசர்பாடி மச்சான்:
நாங்க 64-ல ரங்கூன்ல இருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம், இப்ப சென்னை. அங்க ரோடு, கரண்ட், மருந்து எல்லாமே இழுபறின்னா ஒரு தடவ இங்க வந்து காட்டிட்டுப் போகலாமே. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954-ல முத்துலெட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பிச்சது, வேலூர் சிஎம்சி இருக்கு. மெடிக்கல் விசா போட்டா கூட வர்றவங்களுக்கும் அட்டெண்டன்ட் விசா கொடுக்குறாங்க. பயாப்ஸி கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கி எடுத்துட்டு வாங்க, வெறும் ரிப்போர்ட் பேப்பர் போதாது, இங்க திரும்பப் பாப்பாங்க. அப்புறம் ஆண் ஹார்மோன இன்னும் அடக்குற அபிராடிரோன்ங்கிற மாத்திரை இங்க இந்தியக் கம்பெனிங்க நிறைய பேர் போடுறாங்க, ஒரிஜினல் பிராண்டோட பாத்தா விலை எவ்வளவோ கொறவு.

பெகு பெரியவர்:
மச்சான் சொல்றது சரிதான், ஆனா முதுகெலும்புல ஓட்டையோட இருக்குற மனுசன பஸ்ல குலுக்கி பிளேன்ல ஏத்துறதுக்கு முன்னாடி இங்க ஹார்மோன நிறுத்திட்டுப் போங்க. சிகிச்சை தொடங்காம ஊர் ஊரா சுத்துனவங்க நெறைய பேரு.

மோல்மீன் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி, பெரியவரே உங்க பதிலப் படிச்சு அம்மா அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. ஆபரேஷனுக்கு அம்மாவே சரின்னுட்டாங்க. ஆனா அப்பாகிட்ட சொல்றதுதான் யாராலயும் முடியல. பெரியப்பா சொல்றாரு, கேன்சர்னு கேட்டா அந்த நிமிஷமே படுத்துருவான், இருக்குற நாள நிம்மதியா இருக்கட்டும்னு. ஹெர்னியா ஆபரேஷன்னு சொல்லி பண்ணிரலாமான்னு கூட பேச்சு ஓடுது.

பெகு பெரியவர்:
ஹெர்னியான்னு சொல்லி விரைய எடுக்கப் போறீங்களா? அவரு குளிக்கும்போது கை வெச்சுப் பாக்க மாட்டாராம்மா? அதோட எந்த சயாவும் ஆளுக்குத் தெரியாம இத செய்ய மாட்டாரு, செய்யவும் கூடாது.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் முக்கியம். நிம்மதி, தைரியம், அதெல்லாம் விடுங்க. முதுகெலும்புல நோய் இருக்குற ஆளுக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கு, தண்டுவடம் நசுங்குறது. நசுங்க ஆரம்பிக்கிறத ஸ்கேன் சொல்றதுக்கு முன்னாடி, பொண்டாட்டி பாக்குறதுக்கு முன்னாடி, அவரு ஒடம்புக்குத்தான் தெரியும். பெல்ட் போட்டு இறுக்குன மாதிரி வலி சுத்தி வரும், இருமுனா தும்முனா கூடும், படுத்தா கூடும், காலு கனக்கும், தொடைக்கு நடுவுல மரத்துப் போகும், ஒண்ணுக்கு அடைக்கும். நடக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போனவங்க பெரும்பாலும் நடந்தே திரும்பி வர்றாங்க. கால் விழுந்த பிறகு போனா அந்தக் கால் வர்றது கஷ்டம். மணிக்கணக்கு விஷயம்.

எலும்புல நீர் கோத்திருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்குற மனுசன், கால் மரத்தா என்ன நினைப்பாரு? நீர் வத்துனா சரியாயிரும்னு நினைச்சு பேசாம இருப்பாரு, உங்கள கவலப்படுத்த வேணாம்னு மறைப்பாரு. நீங்க அவர்கிட்ட மறைக்கிறீங்க, அவரு உங்ககிட்ட மறைப்பாரு. நடுவுல போறது காலு.

வீட்டு நர்ஸ்:
பெரியவர் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல. சொல்ற விதம் மட்டும் ஒரு வார்த்தை. கூட்டம் கூட்டி சொல்லாதீங்க, யாராவது ஒருத்தர், அவருக்கு நெருக்கமானவங்க, சாப்பிட்ட பிறகு பக்கத்துல உக்காந்து. எவ்வளவு தெரியுமோ தெரியணுமோ அவரே கேப்பாரு, கேட்ட அளவுக்குச் சொல்லுங்க. நாள் கணக்கு மட்டும் சொல்லாதீங்க, அத சயாவாலயே சொல்ல முடியாது.

வாத்தியார் (ஓய்வு):
நாள் கணக்குன்னு வந்ததால. அபிராடிரோன் பத்தி லாட்டிட்யூட்னு ஒரு பெரிய ஆய்வு, 2017-ல முதல் ரிசல்ட் வந்துச்சு. உங்க அப்பா மாதிரி புதுசா கண்டுபிடிக்கும்போதே எலும்புல பரவி, வீரியமும் அதிகமா இருந்தவங்க. ஹார்மோன நிறுத்துறது மட்டும் செஞ்சவங்கள்ல பாதிப் பேர் 36.5 மாசத்துக்கு மேல இருந்தாங்க, அபிராடிரோனும் சேத்துக் கொடுத்தவங்கள்ல பாதிப் பேர் 53.3 மாசத்துக்கு மேல. பாதின்னா பாதிதான், மத்தப் பாதி அதுக்குள்ள. பெரியவர் அந்தக் கோட்டத் தாண்டி எப்பவோ போயிட்டாரு. 2019-ல உலக சுகாதார நிறுவனமும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல அபிராடிரோன சேத்துருச்சு.

மோல்மீன் பொண்ணு:
சொல்லிட்டேன். அண்ணன் சொல்றேன்னு போயி தண்ணி குடிச்சுட்டு திரும்பி வந்துட்டான், நான்தான் சொன்னேன். அழல. கோவம் வந்துச்சு அவருக்கு, நோய் மேல இல்ல எங்க மேல. கடை பாக்கி யார் யார்கிட்ட எவ்வளவு நிக்குதுன்னு எனக்குத்தான் தெரியும், எனக்கு ஏதாவது ஆனா நோட்டப் பாத்து உங்களுக்கு ஒரு எழவும் புரியாது, இத்தன நாள வீணாக்கிட்டீங்களேன்னு கத்துனாரு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அப்படின்னா கால் விஷயமும் இதுதானான்னு கேட்டாரு.

என்ன கால்னு கேட்டா, முந்தாநாள்ல இருந்து வலது கால் செருப்பு கழண்டா தெரிய மாட்டேங்குதாம். கடை வாசல்ல செருப்ப விட்டுட்டு ஒத்தக் கால்ல செருப்போட உள்ள வரைக்கும் போயிருக்காரு, பையன் எடுத்துட்டு வந்து கொடுத்தப்பதான் தெரிஞ்சுதாம். செருப்பு தேஞ்சு போச்சு, புதுசு வாங்கணும்னு நினைச்சாராம். பெரியவரே நீங்க சொன்ன அந்த மரத்துப்போறது இதுதானா? நாளைக்கு காலையில சயாவப் பாக்கலாமா?

வீட்டு நர்ஸ்:
நாளைக்கு இல்ல, இப்பவே. சயாவுக்கு போன் பண்ணி, முதுகெலும்புல பரவுன புராஸ்டேட் கேன்சர், வலது கால் முந்தாநாள்ல இருந்து மரத்திருக்குன்னு இதே வார்த்தையில சொல்லுங்க. தண்டுவட வீக்கத்தக் கொறைக்கிற டெக்ஸாமெத்தசோன் உடனே ஆரம்பிக்கணுமான்னு கேளுங்க. நேரா எம்ஆர்ஐ, முதுகெலும்பு முழுக்க. படுக்க வெச்சே கொண்டு போங்க, வண்டியில பின் சீட்ட மடக்கி மெத்தை போட்டு, திருப்பும்போது தோளும் இடுப்பும் ஒண்ணா திரும்பணும்.

பெகு பெரியவர்:
கெளம்பும்மா. பதில் எல்லாம் அப்புறம் போடலாம்.

பார்மசி அக்கா:
சுகர் இருந்தா மறக்காம சொல்லுங்க, டெக்ஸா போட்டா ஏறும்.

மோல்மீன் பொண்ணு:
இத்தன நாள் எழுதாததுக்கு மன்னிக்கணும், ரங்கூன்ல இருந்தோம், நெட் சரியா கிடைக்கல. அன்னிக்கு ராத்திரியே டெக்ஸா ஊசி போட்டாங்க. எம்ஆர்ஐல ரெண்டு முள்ளெலும்பு பின்னாடி புடைச்சு தண்டுவடத்த அமுக்கியிருந்துச்சு, முழுசா நசுங்கல. ரங்கூன் பெரியாஸ்பத்திரியில அஞ்சு நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வெச்சாங்க, அங்க இருக்கும்போதே விரை ஆபரேஷனும் முடிஞ்சுது. இதுவரைக்கும் ஹார்மோன் மருந்தே தொடாத ஆளு, அதனால நல்லா கேக்கும்னு சயா சொன்னாரு. இப்ப கம்பு ஊணிட்டு நடக்குறாரு. செருப்பு கழண்டா தெரியுது, அதையே ஒரு நாளைக்கு பத்து தடவ சொல்றாரு.

சந்தேகம் என்னன்னா, கரண்ட் வெச்ச ரெண்டாவது நாள் வலி ரொம்ப கூடிருச்சு, அப்புறம்தான் இறங்குச்சு. இன்னும் இடுப்புல வலி இருக்கு. டிராமடால் கொடுத்திருக்காங்க, அதுக்கும் மேல வேணும்னா மார்ஃபின்ங்கிறாங்க. மார்ஃபின்னா கடைசி நேரம்னு பெரியப்பா பயப்படுத்துறாரு.

வீட்டு நர்ஸ்:
கரண்ட் வெச்ச முதல் சில நாள் வலி கூடுறது சகஜம். முழு பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. வேற எலும்புல தனியா ஒரு இடம் வலிச்சா அங்கயும் வெக்கலாம், வலிக்காக மட்டும்னா ஒரே ஒரு தடவ 8 கிரே அளவு கரண்ட் வெச்சாலே போதும், பத்து நாள் வெக்கிறதுக்கு ஈடா வலி கொறையும்னு எத்தனையோ ஆய்வுல பாத்தாச்சு. தூரத்துல இருந்து வர்றவங்க இத கேட்டு வாங்கிக்குங்க, பத்து நாள் லாட்ஜ்ல தங்க வேண்டியதில்ல.

மார்ஃபின் கடைசி நேர மருந்து இல்ல. வலிக்கான மருந்து. வலி எவ்வளவோ அவ்வளவு கொடுப்பாங்க, கரண்ட் வெச்சு வலி கொறஞ்சா மார்ஃபினையும் கொறைப்பாங்க, அப்படி நிறுத்துனவங்க இருக்காங்க. ஆனா முதல் நாள்ல இருந்தே மலச்சிக்கலுக்கு மருந்து சேத்துக் கொடுக்கணும், அத எழுதாம விட்டா ஒரு வாரத்துல நீங்களே மார்ஃபின தூக்கிப் போட்ருவீங்க. நேரத்துக்குக் கொடுக்கணும், வலி வந்த பிறகு இல்ல. வலிக்குதுன்னு கடையில டைக்ளோஃபெனாக் வாங்கி தினமும் போடுறது வேண்டாம், கிட்னியும் வயிறும் கெட்டுரும்.

வீட்டுல சமாளிக்க முடியாத கட்டம் யாருக்காவது வந்தா ரங்கூன்லயும் மண்டலேயிலயும் ஊ லா துன் ஹாஸ்பிஸ் இருக்கு, கேன்சர்காரங்களுக்கு காசு வாங்காம பாக்குறாங்க. உங்க அப்பாவுக்கு இப்ப அது தேவையில்ல, படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

பார்மசி அக்கா:
அபிராடிரோன் ஆரம்பிச்சாச்சா? 250 மாத்திரை நாலு, வெறும் வயித்துல. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, போட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடக் கூடாது. கூட பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு, அது மட்டும் சாப்பாட்டுக்கு அப்புறம். பிரஷர் பாக்குற மெஷின் ஒண்ணு வீட்டுல வாங்கி வெச்சுக்குங்க, பிரஷர் ஏறும், கால் வீங்கும், ரத்தத்துல பொட்டாசியம் இறங்கும். முதல் மூணு மாசம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ லிவர் டெஸ்ட்.

மோல்மீன் பொண்ணு:
ஆரம்பிச்சாச்சு அக்கா, மச்சான் சொன்ன மாதிரி இந்திய மாத்திரைதான். ஆனா மாசம் 120 மாத்திரை, எத்தன மாசம் தாங்கும்னு தெரியல. ஒரு மாத்திரை மட்டும் சாப்பாட்டோட போட்டா போதும்னு யாரோ சொன்னாங்களே, நிஜமா?

வாத்தியார் (ஓய்வு):
நிஜம்தான், அரைகுறையா கேட்டிருக்கீங்க. கொழுப்போட சாப்பிட்டா இந்த மருந்து பல மடங்கு ரத்தத்துல ஏறும். அத வெச்சு 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரே ஒரு 250 மாத்திரைய கொழுப்பு கொறஞ்ச காலை சாப்பாட்டோட கொடுத்தாங்க, வெறும் வயித்துல நாலு போட்டவங்களுக்கு ஈடா பிஎஸ்ஏ இறங்குச்சு. சின்ன ஆய்வுதான், எத்தன வருஷம் கூட இருந்தாங்கன்னு அதுல பாக்கல. ஆனாலும் பணம் முட்டுற இடத்துல நிறைய டாக்டருங்க இப்ப இத எழுதுறாங்க.

பார்மசி அக்கா:
எழுதுனா செய்யுங்க, நீங்களா செய்யாதீங்க. ரெண்டையும் கலந்துராதீங்க, நாலு மாத்திரைய எண்ணெய் மிதக்குற சாப்பாட்டோட போட்டா வினைதான்.

பெகு பெரியவர்:
எனக்கு ஒரு மாத்திரைதான். முன்னாடி காலையில தெருமுனையில மொய்ங்கா (மீன் சாறு ஊத்துன நூடுல்ஸ்), மேல பொரிச்ச சுரைக்காய், பருப்பு வடை எல்லாம் போட்டு. இப்ப வடையும் பொரியலும் இல்லாம வெறும் மொய்ங்கா, அதையும் கடைக்காரம்மா பாவமாப் பாத்துக்கிட்டே கொடுக்குறா. தினமும் ஒரே மாதிரி சாப்பிடணும்னு சயா சொல்லியிருக்காரு, ஒரு நாள் எண்ணெய் ஒரு நாள் கஞ்சின்னு மாத்தக் கூடாதாம்.

மோல்மீன் பொண்ணு, அப்பாவுக்கு வெத்தலை பழக்கம் உண்டா?

மோல்மீன் பொண்ணு:
கூன்யா இல்லாம கடை தொறக்க மாட்டாரு. ஏன் கேக்குறீங்க?

பெகு பெரியவர்:
அப்ப பல்லு எப்படி இருக்கும்னு தெரியும். எலும்புக்கு சோலெட்ரானிக் ஆசிட்னு ஒரு டிரிப் போடுவாங்க, போடுறதுக்கு முன்னாடி பல் டாக்டரப் பாத்து ஆடுற பல்லு, சொத்தப் பல்லு எல்லாத்தையும் புடுங்கி புண்ணு ஆறிய பிறகுதான் போடணும். டிரிப் ஏத்துன பிறகு பல்லப் புடுங்குனா சிலருக்குத் தாடை எலும்பு ஆறாம வெளிய தெரிஞ்சுக்கிட்டே நிக்கும். எங்கூட கரண்ட் வெக்க வந்த ஒருத்தரு மாசக்கணக்கா சீழோட அலைஞ்சாரு, அவருக்கு முன்னாடியே யாரும் சொல்லல.

வீட்டு நர்ஸ்:
ஆமா. ஹார்மோன நிறுத்துனதுமே நல்லா கேட்டுக்கிட்டு இருக்குற இந்தக் கட்டத்துல அந்த டிரிப் மாசாமாசம் அவசரமா தேவைப்படாது, மருந்து கேக்காம போற கட்டத்துலதான் எலும்பு முறியாம இருக்க அதிகமா உதவும். எப்பன்னு சயா முடிவு பண்ணட்டும், பல்ல மட்டும் இப்பவே பாத்துருங்க. கிட்னி டெஸ்டும் கால்சியம், வைட்டமின் டி-யும் கூட. டெனோசுமாப்னு இன்னொண்ணு இருக்கு, அத பிரிட்ஜிலயே வெக்கணும், நம்ம கரண்ட்டுக்கு அது சரிப்படாது.

மோல்மீன் பொண்ணு:
பல்லு நாலு எடுத்தாச்சு 😔 கூன்யாவ விடல, பாதியாக்கியிருக்காரு.

பிஎஸ்ஏ 480-ல இருந்து இப்ப 6. ஆனா எலும்பு வேலையக் காட்டுற ரத்த டெஸ்ட், ஏஎல்பி, ஏறியிருக்கு, திரும்ப எடுத்த போன் ஸ்கேன்லயும் சில இடம் இன்னும் கறுப்பா தெரியுது. அண்ணன் ரிப்போர்ட்டப் பாத்துட்டு பரவிருச்சுன்னு ஒரே ஆர்ப்பாட்டம்.

வாத்தியார் (ஓய்வு):
சீக்கிரமே ஸ்கேன் எடுத்தா அப்படித்தாம்மா காட்டும். போன் ஸ்கேன் நோயப் பாக்குறதில்ல, எலும்பு எங்க வேகமா வேலை செய்யுதுன்னு பாக்குது. ஆறுற எலும்பும் வேகமா வேலை செய்யும், அதனால முதல் சில மாசம் மோசமான மாதிரி தெரியும், ஏஎல்பியும் சேந்து ஏறும். பிஎஸ்ஏ இறங்கி வலியும் கொறஞ்சா அது ஆறுதுன்னுதான் பெரும்பாலும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா தெளிவாயிரும்.

வீட்டு நர்ஸ்:
உங்க அண்ணனுக்கு எத்தன வயசு?

மோல்மீன் பொண்ணு:
46. ஏன்?

வீட்டு நர்ஸ்:
ஆர்ப்பாட்டம் பண்றத விட்டுட்டு அவரையும் ஒரு பிஎஸ்ஏ எடுக்கச் சொல்லுங்க. அப்பாவுக்கு இருந்தா மகனுக்கு வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்கு, 45-லயே பேசிரணும். வசதி கிடைச்சா அப்பாவுக்கு பிஆர்சிஏ ஜீன் டெஸ்டும் எடுக்கலாம், மார்பகக் கேன்சரோட சேத்துப் பேசுவாங்களே அதேதான், இருந்தா பின்னாடி ஒலாபரிப்னு வேற மாத்திரைக்கு வழி இருக்கு, உங்களுக்கும் அது தெரிய வேண்டிய விஷயம்.

தட்டோன் தம்பி:
அக்கா எங்க மாமாவுக்கும் முதுகுல பெல்ட் போட்ட மாதிரி வலிக்குதுன்னு இந்த வாரம் சொன்னாரு, இந்த இழையப் படிச்ச பிறகு எம்ஆர்ஐக்கு எழுதி வாங்கியிருக்கோம். நாளைக்கு.

பெகு பெரியவர்:
கால் எப்படி இருக்கு தம்பி? மரத்திருந்தா நாளைக்கு வரைக்கும் இருக்காத.

தட்டோன் தம்பி:
கால் நல்லா இருக்கு, ஒண்ணுக்கும் போறாரு. ஆனாலும் சயாவுக்கு இப்பவே போன் போடுறேன்.

மோல்மீன் பொண்ணு:
ஒரு கடைசி கேள்வி. கோயில்ல தீமிதி வருது. அப்பா வருஷா வருஷம் எறங்குறவரு, இந்த வருஷமும் காப்பு கட்டி எறங்குவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. வேண்டுதலாம். யாரு சொல்லியும் கேக்கல.

பெகு பெரியவர்:
ஒத்தக் கால்ல நிக்கிறதே வேண்டாம்னு சொல்லுங்க. தீயில வழுக்கி விழுந்தா இடுப்பெலும்பு தாங்காது, பாதத்துல உணர்ச்சி இப்பதான் திரும்புது, சுடுறதே லேட்டாத்தான் தெரியும், பிரெட்னிசோலோன் சாப்பிடுற ஒடம்புல தீப்புண்ணு ஆறாது. நானும் பீலிக்கான் முனீஸ்வரருக்கு வேண்டுதல் வெச்சவன்தான். இப்ப பால்குடம், அதுவும் பேரன் தூக்குறான், நான் கை வெச்சுக்கிட்டு கூட நடக்குறேன். சாமி ஒண்ணும் கேக்கல.

மோல்மீன் பொண்ணு:
பூசாரி அய்யாவ விட்டு பேச வெச்சோம், பால்குடத்துக்கு ஒத்துக்கிட்டாரு. ஆனா காப்பு கட்டுன நாள்ல இருந்து ஒரு வேளை சாப்பாடுதான், அதுவும் சாயங்காலம். மாத்திரை எப்படி கொடுக்குறது?

பார்மசி அக்கா:
முதல்ல ஒரு வேளை சாப்பாடு இந்த ஒடம்புக்கு வேண்டாம், ஏற்கெனவே சதை கரையுது. பால், பழம், முட்டை இல்லாட்டி பருப்பாவது மூணு வேளையும் போகணும், பூசாரி அய்யாகிட்டயே இதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுருங்க. அபிராடிரோன் நாலும் காலையில எந்திரிச்சதும் தண்ணியோட, ஒரு மணி நேரம் கழிச்சு ஏதாவது சாப்பிட்டு பிரெட்னிசோலோன். விரதம்னு சொல்லி பிரெட்னிசோலோன மட்டும் நிறுத்திட்டு அபிராடிரோன தொடர்ந்துராதீங்க, பிரஷர் எகிறும், திடீர்னு நிறுத்துனா மயங்கியும் விழுவாரு. பால்குடத்தன்னிக்கு கூட்டத்துல யாராவது ஒருத்தர் அவரு பின்னாடியே நடக்கட்டும், பையில அன்னிக்கு மாத்திரையும் தண்ணி பாட்டிலும் இருக்கட்டும்.